பதினேழுக்கு மேல் ஈரமுள்ள புகார்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் அதை எழுதியவன் நான்தான். வாசலில் 'பிளாஸ்டிக் இல்லாப் பள்ளி' என்று இருக்கிறதே, அது நான். 'புகையிலை இல்லாப் பள்ளி', அதுவும் நான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் நன்கொடையாளர் பெயர் முழ உயரத்துக்குப் பளபளக்கிறதே, அதையும் ஏணியில் ஏறி நின்று கழுத்து வலிக்க எழுதியது இந்த டிராயிங் மாஸ்டர் சவரியப்பன்தான். பள்ளி மாயவரத்துக்குப் பக்கத்தில், குத்தாலத்துக்குத் தெற்கே, கடைமடைப் பக்கம். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். இன்னும் ஆறு வருஷம் நான் அங்கே வேலை பார்க்க வேண்டும்.

போன ஜூன் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கேலி, தொந்தரவு, பாகுபாடு ஆகியவற்றிலிருந்து மாணவர்களைக் காக்க ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றது அது. எங்கள் தலைமை ஆசிரியர் இராஜாங்கம் சார் அதைப் படித்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"சவரியப்பன், நல்ல தகரமாப் பாத்து ஒரு போர்டு எழுதிடுங்க. 'புகாரில்லாப் பள்ளி'ன்னு. பச்சைக் கலர்ல."

"குழுவே இன்னும் போடலையே சார்?"

"அதனாலதான் சொல்றேன். குழு போட்ட பொறவு எழுதினா, குழுவாலதான் புகார் இல்லாமப் போச்சும்பாங்க. இப்பவே எழுதிட்டா, நம்ம பள்ளியில எப்பவுமே கெடையாதுன்னு ஆயிடும் பாருங்க."

எழுதினேன். மறுவாரம் குழுவும் அமைந்தது. தலைவர் அமிர்தலிங்கம் ஐயா. நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். மாணவர் பிரதிநிதியாகப் பத்தாம் வகுப்பு குந்தவை. அந்தத் தண்ணீர்த் தொட்டியை வாங்கிக் கொடுத்தவரின் மகள், படிப்பிலும் பேச்சுப் போட்டியிலும் முதல். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் நான் செயலாளர். அப்படித்தான் இந்தச் சனியன் என் தலையில் ஏறியது.

முதல் கூட்டத்தில் அமிர்தலிங்கம் ஐயா நீண்ட நேரம் பேசினார்.

"நான் லட்சக்கணக்கான மூட்டை நெல்லைப் பாத்தவன். ஒரு மூட்டையைக்கூட கண்ணை மூடிக்கிட்டு வாங்கினதில்ல. வர்றதையெல்லாம் வாங்கிப் போட்டா குடோன் என்னாவும்? புழுத்துப் போவும். புகாரும் அப்படித்தான். தரம் பாக்கணும். பாக்காம வாங்கினா பள்ளிக்கூடம் புழுத்துரும்."

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். தட்டாமல் இருந்தால் கூட்டம் முடியாது.

*

இப்போது பூவிழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு. என் வகுப்பில் பழக்கூடை வரையச் சொன்னால் எல்லோரும் ஆப்பிள் வரைவார்கள், அவள் மட்டும் ஈச்சங்குலையை வரைவாள். அப்பா நெடுமாறன் ஐந்து மா நிலம் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்க்கிறவர், அறுவடைக் காலத்தில் மெஷினும் ஓட்டுவார். அவருடைய அப்பா இதே ஊர்ப் பண்ணைகளில் ஆளாக இருந்தவர். அவர்கள் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மேலே எதுவும் நான் சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குள்ளேயே புரிந்திருக்கும்.

பள்ளியில் குடிதண்ணீர்க் குழாய் ஆறு. பூவிழி கையில் ஏந்திக் குடிப்பாள், குழாயில் வாய்கூடப் படாது. அவள் குடித்துவிட்டு நகர்ந்ததும் குந்தவையும் தோழிகள் மூன்று பேரும் வருவார்கள். தேங்காய் நார், சோப்புத் துண்டு எல்லாம் தயாராக ஒரு டப்பாவில் இருக்கும். அந்தக் குழாயைத் தேய்த்துக் கழுவிவிட்டு அதிலேயே குடிப்பார்கள். பக்கத்தில் ஐந்து குழாய் சும்மா இருக்கும், அதில் குடிக்கலாம். மாட்டார்கள். அவள் எதைத் தொட்டாளோ அதைத்தான் கழுவுவார்கள், அதுவும் அவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து கழுவுவார்கள்.

ஒரு வார்த்தை திட்டியதில்லை, ஓர் அடி அடித்ததில்லை. சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பதினெட்டு வகைத் தொந்தரவுகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். குழாய் கழுவுவது அதில் இல்லை. நான் இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

ஆமாம், நான் பார்த்தேன். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் குழாயடி. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஜூலை முழுக்கப் பார்த்தேன். குந்தவையைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டும் விட்டேன். "சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சார் போர்டு எழுதியிருக்கீங்க" என்றாள். எழுதியிருந்தேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூவிழி குழாய்ப் பக்கம் போவதை விட்டாள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் பாட்டில் காணாமல் போனது. இரண்டாவது, கழிப்பறையில் கிடந்தது. மூன்றாவதை அவள் அம்மா எழில்மொழி வாங்கி வந்தபோது, வேண்டாம் என்றுவிட்டாள். "எல்லாரும் குடிக்கிற கொழாய்லதான் குடிப்பேன். இல்லாட்டி குடிக்கவே மாட்டேன்" என்றாளாம். காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை ஐந்தரை மணிவரை ஒரு மடக்கு தண்ணீர் கிடையாது. புரட்டாசி மாதம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள். அங்கேதான் விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள். அரைப் பரீட்சைக்குள் இது தீராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன், மாயவரத்து ஜவுளிக்கடையில் சேர்த்துவிடு என்றும் சொன்னாள்.

எட்டாவதோடு நின்ற நெடுமாறனுக்கு அந்தப் பெண் படித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. மறுநாளே முழுப் பக்கம் புகார் எழுதிக்கொண்டு குழுவிடம் வந்தார்.

*

அமிர்தலிங்கம் ஐயா புகாரைப் படிக்கவில்லை. முதலில் ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். எண் நாற்பத்தேழு. முன்னால் நாற்பத்தாறு பேர் இருந்தார்களா என்றால் இல்லை, வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த டோக்கன் கட்டு அங்கிருந்து ஆரம்பித்தது. பிறகு பையிலிருந்து ஒரு மெஷினை எடுத்து மேசையில் வைத்தார். நெல்லில் எத்தனை சதவீதம் ஈரம் என்று பார்க்கிற மாய்ஸ்சர் மெஷின். அது எப்படி அவர் வீட்டுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"சாம்பிள் எடுப்போமா?" என்றவர், புகாரின் மேல்மூலையைத் துண்டாகக் கிழித்து மெஷின் கிண்ணத்தில் திணித்து நசுக்கினார். "இருபத்தொண்ணு. வாங்க முடியாது நெடுமாறா. பதினேழுக்குள்ள இருக்கணும்."

"காயிதத்துக்குமாங்கய்யா?"

"காயிதமும் வயல்ல வெளைஞ்ச வைக்கோலு மாதிரிதானப்பா. ஈரத்தோட வாங்கினா மை ஊறும், ரெஜிஸ்டர் பூசணம் புடிக்கும். அப்புறம் ஆடிட்ல என் தலைதான் உருளும். போயிக் காய வெச்சு எடுத்தா."

இந்த இடத்தில் நெடுமாறன் கத்தியிருக்க வேண்டும். மேசையைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், சொல்லப்போனால் ஆசைப்பட்டேன். ஆனால் அந்த மனுஷனுக்கு இது விசித்திரமாகவே படவில்லை. வருஷத்துக்கு இரண்டு போகம் இதே மெஷின் முன்னால் கைகட்டி நின்று பழகியவர். பதினேழு என்ற எண்ணைக் கேட்டதும் தலை தானாக ஆடியது. "சரிங்கய்யா" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கு வரும்போது பார்க்கிறேன், மதகடிச் சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்கிறது. நெல்லுக்குப் பக்கத்தில் அந்தப் புகாரும் காய்கிறது. நான்கு பக்கமும் கல் வைத்திருந்தார். பஸ் வந்தபோது நெல்லை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் நகர்த்தினார்.

பக்கத்தில் போய்ச் சொன்னேன். "ஏங்க, பேசாம கலெக்டர்கிட்ட போங்களேன். திங்கக்கெழமை மனு வாங்குறாங்க."

"அங்கயும் டோக்கன்தானே சார்" என்றார். "இங்க நாப்பத்தேழு கையில இருக்கு. அங்க போனா மொதல்லேர்ந்து நிக்கணும்."

இரண்டாம் முறை பத்தொன்பது காட்டியது. நடந்து வந்ததில் கை வேர்த்திருக்கிறதாம். இன்னொரு மூலை போனது. மூன்றாம் முறை வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் சூரியனே இல்லை. புகாரை அரிசிப் பானைக்குள் வைத்திருந்து எடுத்து வந்தார், பதினெட்டரை. அடுத்து அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்து எடுத்து வந்தார், பதினெட்டு. ஒவ்வொரு தடவையும் சாம்பிள். அனுப்புநர் முகவரி போனது, தேதி போனது, கீழே கையெழுத்துப் போனது. வலது ஓரத்தில் அந்த நான்கு பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார், அதுவும் மெஷினுக்குள் போய் நசுங்கியது.

"வேற பேப்பர்ல புதுசா எழுதியாந்துடவாங்கய்யா?"

"தாராளமா எழுது. ஆனா புது மனுன்னா புது டோக்கன். இந்த வரிசை போயிடும் பாத்துக்க."

வரிசையில் வேறு ஈ காக்கை கிடையாது. ஆனாலும் நெடுமாறன் டோக்கனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டார்.

இதற்கிடையே இராஜாங்கம் சாருக்கும் மனசு கேட்கவில்லை. தொடர்மழையைக் கருத்தில் கொண்டு புகார்களின் ஈரப்பத வரம்பில் இரண்டு சதவீதம் தளர்வு வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். என்ன புகார், யாருடைய புகார் என்று அதில் ஒரு வரி சேர்த்தேன், அவர் அடித்துவிட்டார்.

"தளர்வுதானே கேக்குறோம்? புகாரைப் பத்தி எதுக்கு? புகார் இருக்குன்னு தெரிஞ்சா போர்டு என்னாவும்?"

மேலிடம் சும்மா இருக்குமா? மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. புகாரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். மேல்பகுதியில் ஒரு கையளவு கிழித்து பாலிதீன் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். அதிலே பூவிழி ஆஸ்பத்திரியில் இருந்த விவரம் இருந்தது. முடிவு விரைவில் அறிவிக்கப்படும் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டில் அப்பளம் நமத்திருந்ததைக் குறைகூறிவிட்டுக் கிளம்பினார்கள். இன்றுவரை அந்த முடிவு வரவில்லை.

அன்று மாலை பூவிழி என் அறைக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது.

"சார், நீங்க பாத்தீங்கல்ல? ஜன்னல்லேர்ந்து?"

"பாத்தேம்மா."

"அப்பா மனுவுல சாட்சின்னு உங்க பேரை எழுதட்டுமான்னு கேக்கச் சொன்னாங்க. எடம் இருக்காம், கொஞ்சூண்டு."

நான் குழுவின் செயலாளர், செயலாளர் சாட்சி சொல்ல விதியில் இடமில்லை என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. சொன்ன அடுத்த நொடி எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அவள் மேசையில் இருந்த என் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். எடுத்துக் குடிம்மா என்றேன். வேண்டாம் சார் என்று போய்விட்டாள்.

*

கார்த்திகையில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. புகார் பதினாறரை காட்டியது.

"பாத்தியா? பொறுமையா இருந்தா எல்லாம் நடக்கும்" என்று அமிர்தலிங்கம் ஐயா நெடுமாறனின் முதுகில் தட்டினார். பிறகுதான் புகாரை முதல் தடவையாகப் படித்தார். படிப்பதற்கு உள்ளங்கை அகலத் துண்டுதான் மிச்சம் இருந்தது. 'என் மகள் பூவிழி தண்ணீர் குடித்ததும்' என்று ஆரம்பித்த வரியின் இடது பாதி எந்தச் சாம்பிளிலோ போய்விட்டது. அந்த வரியில் மீதி இருந்தது இதுதான்: 'மாணவிகள் நால்வர் தினமும் சோப்பு போட்டுக் குழாயைக் கழுவுகிறார்கள்.'

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, இதுல புகாரே இல்லையே. பாராட்டுல்ல எழுதியிருக்கே?"

"இல்லீங்கய்யா, மேல எழுதியிருந்தது..."

"மேல இருந்ததெல்லாம் சாம்பிள். சாம்பிளைக் கணக்குல எடுக்கக் கூடாது. மிச்சம் உள்ளதைத்தான் எடுக்கணும். முப்பத்தோரு வருஷமா அதான் நடைமுறை."

நான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். "ஐயா, அந்தப் பொண்ணு குடிச்ச பிறகு கழுவுறாங்கங்கிறதுதான் புகார், நானே..." என்று ஆரம்பித்தேன். மாணவர் பிரதிநிதி குந்தவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலைமை ஆசிரியரும் பார்த்தார். "சவரியப்பன், தொட்டியில நன்கொடையாளர் பேரு கொஞ்சம் மங்கியிருக்கு, மறுபடி ஒரு கோட்டிங் குடுத்துடுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

புகார் பாராட்டுக் கடிதமாக ஏற்கப்பட்டது. நால்வருக்கும் 'தூய்மைச் சுடர்' கேடயம் வழங்குவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதை முன்மொழியக் குந்தவை கூச்சப்பட்டதால் நான் முன்மொழிந்ததாகப் பதிவாயிற்று. கேடயத்தைக் கடிதம் எழுதிய பெற்றோர் கையாலேயே கொடுப்பது என்றும் முடிவு செய்தார்கள்.

*

மாணவர் பாதுகாப்பு விழாவுக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருடைய பேச்சை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"நான் இருபத்தெட்டு பள்ளிகளை ஆய்வு பண்ணிட்டு வர்றேன். புகார் வந்த பள்ளிகள்ல எல்லாம் பிரச்சினை இருக்கு. புகார் வராத பள்ளிகள்ல பிரச்சினையே இல்ல. இதுலேர்ந்து என்ன தெரியுது? பிரச்சினைக்கு மூலகாரணமே புகார்தான்! மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு கஷ்டம்னா பயப்படாதீங்க. தைரியமா மனசுக்குள்ளயே வெச்சுக்கங்க!"

அடுத்து இராஜாங்கம் சார் பேசினார். "இந்தப் பள்ளியில யாரு எந்தத் தெருன்னு நாங்க பாக்குறதே இல்ல. பாக்காமலே எங்களுக்குத் தெரியும்."

கைதட்டல் அடங்கியதும் கேடயம். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நெடுமாறன் மேடையில் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கு இன்னும் பாதிதான் புரிந்திருந்தது. கீழே மூன்றாவது வரிசையில் பூவிழி. குந்தவையும் தோழிகளும் மேடையேறி வந்து, நெடுமாறன் நீட்டிய கேடயத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுவிட்டார்கள். யாரும் கையை நீட்டவில்லை. இராஜாங்கம் சார் சட்டென்று சமாளித்தார். "மேசையில வெச்சிடுங்க நெடுமாறன், போட்டோவுக்கு அதான் எடுப்பா இருக்கும்." வைத்தார். அவர்கள் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். போட்டோவும் எடுப்பாகத்தான் வந்திருந்தது.

அதோடு விட்டார்களா? அதிகாரிக்குச் செய்முறை விளக்கம் வேண்டுமாம். குழாயடி மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நால்வரும் நாரும் சோப்புமாகப் போய் நின்றார்கள், ஆனால் கழுவவில்லை.

"ஏம்மா, ஆரம்பிக்கலாமே?" என்றார் அதிகாரி.

"மொதல்ல ஒருத்தர் குடிக்கணும் சார்" என்றாள் குந்தவை. "அப்புறம்தான் கழுவணும்."

"யாராவது ஒரு பிள்ளை வந்து குடிங்கப்பா!"

எழுநூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழவில்லை. எல்லோருக்கும் தெரியும், யார் குடித்தால் கழுவுவார்கள் என்று. எழுநூறு தலையும் மெதுவாக மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பியது. அதிகாரிக்கு மட்டும்தான் தெரியாது. அவரும் அந்தத் திசையைப் பார்த்து, "ஆங், நீ வாம்மா" என்றார்.

பூவிழி எழுந்து போனாள். முதல் குழாயைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். ஜூலைக்கப்புறம் அந்தக் குழாயில் அவள் குடிப்பது அதுதான் முதல் தடவை. நிதானமாகக் குடித்தாள், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குடித்தாள். முகத்தைக் கழுவினாள். பிறகு இரண்டாவது குழாயைத் திறந்து அதிலும் ஒரு வாய் குடித்தாள். மூன்றாவது, நான்காவது என்று ஆறையும் திறந்து, ஆறிலும் குடித்து, ஒன்றையும் மூடாமல் நகர்ந்து நின்றாள்.

ஆறு குழாயும் கொட்டின. தண்ணீர் வழிந்து முதல் வரிசைக்காரர்களின் காலடிக்கு வந்தது.

"மூடுங்கம்மா, மூடுங்க!" என்று இராஜாங்கம் சார் மைக்கிலேயே கத்தினார்.

குந்தவை குழாயைப் பார்த்தாள். மூட வேண்டும் என்றால் தொட வேண்டும். பூவிழி தொட்டதைக் கழுவாமல் எப்படித் தொடுவது? கையில் கேடயம், இன்னொரு கையில் நார். தோழிகள் அவளைப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. அந்த இரண்டு நிமிஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லாமல் எல்லாம் வெட்டவெளியாகக் கிடந்தது. "ஏன் யாரும் மூட மாட்டேங்குறாங்க?" என்று அதிகாரி கேட்டார். நான் நான்காவது நாற்காலியில் மடியில் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழவில்லை.

மேடையிலிருந்து இறங்கி ஓடியவர் நெடுமாறன். கடைமடைக்காரர். தண்ணீர் எட்டாமல் பயிர் காய்ந்த வருஷங்களைப் பார்த்தவர். அவரால் தாங்க முடியவில்லை. ஆறு குழாயையும் ஒவ்வொன்றாகப் பதறிப் பதறி மூடினார்.

"தண்ணி வீணாவுது பாப்பா" என்றார்.

பூவிழி அவரைப் பார்த்தாள். அதுவரைக்கும் நிமிர்ந்திருந்த அவள் தலை அப்போதுதான் கவிழ்ந்தது.

பிறகு நால்வரும் முன்னால் வந்து, அப்பாவும் மகளும் தொட்ட ஆறு குழாயையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காட்டினார்கள். அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார்.

*

மறுநாள் குழு கூடியது. பொதுத் தொட்டியின் குடிநீரைப் பாதி வீணாக்கி விழாவுக்கு இடையூறு செய்ததாக மாணவி பூவிழிமேல் புகார். கொடுத்தது தலைமை ஆசிரியர், வழிமொழிந்தது மாணவர் பிரதிநிதி. ரெஜிஸ்டரின் முதல் பக்கம் அதுவரை காலியாகத்தான் இருந்தது. 'புகார் எண் ஒன்று' என்று நான் கோடு போட்டு எழுதினேன். பத்து நாள் பள்ளிக்கு வர வேண்டாம் என்று தீர்ப்பும் எழுதினேன். அரைப் பரீட்சை அந்தப் பத்து நாளுக்குள் வந்தது.

நெடுமாறனையும் பூவிழியையும் கூப்பிட்டனுப்பினார்கள். நான் வாசித்தேன். நெடுமாறன் முழுக்கக் கேட்டுவிட்டு மேசையைப் பார்த்தார். மாய்ஸ்சர் மெஷின் பைக்குள்ளேயே இருந்தது.

"ஐயா, இதுக்கு டோக்கன் கெடையாதுங்களா? சாம்பிள் எடுக்கலீங்களா?"

"எதுக்குப்பா?" என்றார் அமிர்தலிங்கம் ஐயா. "வெளியிலேர்ந்து வர்றதுக்குத்தான் அதெல்லாம். இது நம்மகிட்டயே இருந்தது."

நெடுமாறன் மெதுவாகத் தலையாட்டினார். கொள்முதல் நிலையத்தில் பத்து நாள் நெல்லோடு வெயிலில் கிடந்தபோது, வியாபாரியின் லாரி பின்பக்க வழியாக நேரே குடோனுக்குள் போவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இதுவும் அவருக்குப் பழகின விஷயம்தான். சட்டைப் பையிலிருந்து அந்த நாற்பத்தேழாம் எண் டோக்கனை எடுத்து, மரியாதையாக மேசையில் வைத்துவிட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அரைப் பரீட்சையை மட்டுமாவது எழுதிக்கட்டுமேங்கய்யா" என்று ஒரு தடவை கேட்டார். அமிர்தலிங்கம் ஐயா தலைமை ஆசிரியரைப் பார்த்தார், தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன்.

"வாப்பா போலாம்" என்றாள் பூவிழி. போகிறபோது என் பக்கத்தில் நின்று, திறந்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்தாள்.

"ஒரு அடித்தல் திருத்தல் இல்ல சார்" என்றாள். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."